அந்தப் பெட்டிக்கு நான் ஏன் ஹார்ட் போடவில்லை

அன்புள்ள பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு படம் போட்டான். அமெரிக்காவில் ஏதோ ஒரு கடை. அவன் இடுப்பு உயரத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி. உள்ளே மூன்று மாடி பொம்மை வீடு. லிஃப்ட் உண்டு, நீச்சல் குளம் உண்டு, மாடியிலிருந்து குளத்துக்குச் சறுக்கி இறங்க வழி உண்டு. கூடவே மேல்மூடி இல்லாத ஒரு கார். கீழே "மே மாசம் வாரேன். தங்கச்சி மகளுக்கு சர்ப்ரைஸ்!" என்று எழுதியிருந்தான். சாயங்காலத்துக்குள் 31 பேர் ஹார்ட் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. ராத்திரிக்குள் இரண்டு பேர் போன் பண்ணி, "அத்தை, கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாயிற்று.

கோபம்தான். அண்ணன் மகன் மேல் இல்லை, அந்தப் பெட்டி மேல். குடும்பக் குழுவில் சொல்லாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே பெட்டி வருஷா வருஷம் என் பழைய மாணவ மாணவியர் பலருடைய சூட்கேஸிலும் ஊருக்கு வருகிறது. வாங்கி வருகிறவர்கள் நீங்கள். அதோடு மல்லுக்கட்டுகிறவர்களும் உங்களில் பலர்தான். இரண்டு தரப்பும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் என்பதால் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: விலை கூடிய பொம்மை குழந்தைக்குச் சொத்து என்று நினைத்து வாங்குகிறோம். உண்மையில் அந்தக் குழந்தையைக் கடனாளி ஆக்கிவிட்டு வருகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "டீச்சர் பார்பி பொம்மைக்கு எதிரி" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். பார்பி எனக்கு ஒரு வயது இளையவள். நான் 1958. அவள் 1959 மார்ச் 9ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானவள். அவளைக் கொண்டுவந்த ரூத் ஹேண்ட்லர் ஒரு தாய். மகள் காகிதப் பொம்மைகளுக்குப் பெரிய மனுஷி வேடம் போட்டு விளையாடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. அதுவரை பெண் குழந்தைக்கு என்றால் பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைதான். தூங்கவை, பால் கொடு, துணி மாற்று. இந்தப் பொம்மையோடு விளையாடும்போதாவது ஒரு பெண் குழந்தை அம்மா ஆகாமல் வேறு ஏதாவது ஆகலாம்.

1962இல் அவளுக்கு ஒரு சொந்தக் காரும் ஒரு சொந்த வீடும் வந்தன. பெண்பிள்ளை என்பதற்காகக் கடன் கொடுக்க மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974இல்தான். அதற்கு 12 வருஷம் முன்பே பொம்மை ஒருத்தி ஸ்டியரிங் பிடித்துவிட்டாள். இது எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊரில் நுங்கு வண்டி உருட்டினது என் அண்ணன்மார்கள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவள். ஆகவே "நுங்கு வண்டி காலம் பொற்காலம்" என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். யாருக்குப் பொற்காலம்? நான் முதன்முதலில் வண்டி ஓட்டியது 34 வயதில், டிவிஎஸ் 50. அதற்கும் தெருவே வாசலில் நின்று பார்த்தது.

அந்த முதல் வீடு எப்படி இருந்தது தெரியுமா? அட்டை வீடு. ஒரே அறை. ஒற்றைக் கட்டில், புத்தகங்கள், ஒரு டிவி. அடுப்படி கிடையாது! விளையாடி முடித்தால் பெட்டி மாதிரி மடித்து, கைப்பிடியைப் பிடித்துக் குழந்தையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கணக்கு டீச்சராக எனக்கு அவள் மேல் ஒரு பழைய வழக்கு உண்டு. 1992இல் பேசும் பார்பி ஒன்று வந்தது. 270 வாக்கியங்களில் ஏதாவது நான்கு ஒவ்வொரு பொம்மைக்குள்ளும் இருக்கும். அதில் ஒன்று, கணக்கு வகுப்பு கஷ்டம் என்பது. அமெரிக்காவில் பெண்கள் சங்கத்தார் எதிர்த்தார்கள், கம்பெனி அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. நியாயம்தான். ஆனால் என் ஆட்சேபம் வேறு. பொம்மை எதற்குப் பேச வேண்டும்? அது வாயை மூடிக்கொண்டு இருந்தால் குழந்தை அதற்காகப் பேசும். இன்றைய வீட்டில் லிஃப்ட் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தம், குழாயைத் திருப்பினால் ஒரு சத்தம். குழந்தை செய்ய வேண்டிய சத்தத்தை எல்லாம் பேட்டரி செய்கிறது.

சரி, இனி என் குற்றம்.

2019இல் சென்னையில் இருக்கும் என் பேத்திக்கு ஐந்தாவது பிறந்தநாள். பென்ஷன் பணத்தில் 14,500 ரூபாய்க்கு ஒரு பொம்மை வீடு வாங்கிக் கொடுத்தேன். பார்பி வீடு இல்லை, அதே ஜாடையில் வேறு ஒரு கம்பெனியின் வீடு. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே சாதிதான். பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மகளும் மாப்பிள்ளையும் பூட்ட உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தது, ஒரு மணிக்கு முடிந்தது. விளக்கத் தாளில் ஒரு எழுத்து இல்லை, எல்லாம் அம்புக்குறி. மூன்றாம் மாடியைத் திருப்பிப் பூட்டிவிட்டு, மறுபடி கழற்றும்போது ஒரு கொக்கி உடைந்தது. ஒட்டுவதற்கு அறுபது ஸ்டிக்கருக்கு மேல். கடைசியில் பார்த்தால் பேட்டரி பெட்டியில் இல்லை. மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியையும் டார்ச் பேட்டரியையும் கழற்றிப் போட்டார். லிஃப்ட் ஓடியது, கடிகாரம் நின்றது. மறுநாள் பிறந்தநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் போய்விட்டது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்து நான் அங்கே இருந்தேன். மதியம் சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்தால், அந்த வீடு ஆஸ்பத்திரி ஆகியிருந்தது. பொம்மைகள் எல்லாம் டாக்டர். நோயாளிகள் வெண்டைக்காய். கட்டில்களில் வரிசையாகப் படுத்திருந்தன. நீச்சல் குளத்தில் மஞ்சள் தண்ணீர், அது மருந்தாம். குங்குமத்தைக் குழைத்துச் சுவரெல்லாம் ரத்தம். கட்டு போட என் கைக்குட்டையைக் கிழித்திருந்தாள். காருக்கு மேல் சிவப்பு பாட்டில் மூடியை ஒட்டி ஆம்புலன்ஸ்.

பிள்ளைகளே, 33 வருஷம் பாடம் எடுத்தவள் நான். ஒரு ஐந்து வயதுக் குழந்தை தானாக ஒரு ஆஸ்பத்திரியை நிர்வாகம் பண்ணுகிறது என்றால் கைகட்டி நின்று பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "பதினாலாயிரம் ரூவா! இப்படியா நாசம் பண்ணுவ?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. ஈரத்துணி எடுத்து வந்து துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. பொம்மைகளை எடுத்து, பெட்டி மேல் இருந்த படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் விளையாடவில்லை. யாராவது வந்தால் லிஃப்ட் பட்டனை ஒருமுறை அழுத்திக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒருநாள் எதிர்வீட்டுப் பையன் கை வைக்கப் போனான். "தொடாத, அது ஆச்சி வீடு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஆச்சி வீடு என்றால் என்ன அர்த்தம் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். லீவு விட்டால் ஓடுகிற இடம். யாரும் திட்டாத இடம். என் பேத்தி அகராதியில் அந்தச் சொல்லுக்கு நான் வேறு அர்த்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த 14,500 ரூபாயை ஒவ்வொரு நாளும் அவள் எனக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள். கடன் என்று நான் சொல்வது இதைத்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஹார்ட் போடாத விஷயம் பரவியதும் நானே சிலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். துபாயில் இருக்கும் ஒரு மாணவி, "டீச்சர், அந்தக் கேம்பர் வேன்ல மொத்தம் எத்தனை சாமான் வந்துச்சுன்னு எனக்கு மனப்பாடம். தினம் ராத்திரி எண்ணி வைக்கிறது நான்தான்" என்றாள். கோயம்புத்தூரில் ஒருத்தி சின்னவன் வாயில் போட்டுவிடுவானோ என்று பயந்து குட்டிச் சாமான்களை எல்லாம் ஜிப் பையில் கட்டிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். பெரியவள் விளையாடுவதற்கு அம்மாவிடம் மனு போட வேண்டும். பெங்களூரில் ஒருவன், "கார்ல பொம்மையை உக்கார வச்சா முழங்கால் மடங்க மாட்டேங்குது, தலை கண்ணாடிக்கு மேல நிக்குது. பொண்ணு தினம் அழுறா. அதுக்குத் தோதான பொம்மை தனியா விக்கிறாங்களாம்" என்றான். வீட்டைத் தனியாக விற்பார்கள், வீட்டுக்காரியைத் தனியாக விற்பார்கள், அவள் நாய்க்குட்டியைத் தனியாக விற்பார்கள். "தனியாக விற்கப்படும்" என்ற இரண்டு சொல்லில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. கையில் இருப்பது போதாது என்று ஒரு குழந்தைக்கு ஐந்து வயதிலேயே கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. என் மகள் வீடு 600 சதுர அடி. அப்போது வாடகை 18,000. சதுர அடிக்கு 30 ரூபாய். பொம்மை வீடும் அது திறந்து விரிகிற இடமும் நாலடிக்கு இரண்டடி, அதாவது எட்டுச் சதுர அடி. மாதம் 240, வருஷத்துக்கு 2,880 ரூபாய். அந்த வீட்டில் ஒரு பைசா வாடகை கொடுக்காமல் குடியிருந்தது அந்தப் பொம்மை ஒருத்திதான். இன்னொன்று: பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம். அளவு ஆறில் ஒரு பங்கு. ஆறால் பெருக்கினால் 69 அங்குலம், ஐந்தடி ஒன்பது அங்குலம். பொம்மை அளவுக்குச் சரியாக வீடு கட்டினால், நாலடி பொம்மை வீடு என்பது இருபத்துநாலடிக் கட்டடம். என் மகளுக்கு அப்படி ஒரு கட்டடம் இந்த ஜென்மத்தில் வராது. அதற்குத் தூசி தட்டுகிறவள் மட்டும் அவள்.

ஆம், தூசி தட்டுகிறவள். இதையும் சொல்லியே ஆக வேண்டும். பெரிய பொம்மை கொடுக்கிற பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் சித்திக்கும் ஒரு நாள் பேர். அன்றைக்கு எடுத்த போட்டோ ஸ்டேட்டஸில் இருக்கும். மறுநாளிலிருந்து எண்ணுவது, பொறுக்குவது, காலில் குத்தினால் நொண்டுவது, உடைந்ததற்குச் சமாதானம் சொல்வது எல்லாம் அந்த வீட்டு அம்மா. சில வீடுகளில் அப்பா. "எவ்வளவு ஆசையா வாங்கிக் குடுத்தான், மூலையில போட்டு வச்சிருக்கா" என்ற சொல்லும் அவளுக்குத்தான். பரிசு குழந்தைக்கு, சம்பளமில்லாத வேலை அம்மாவுக்கு.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்.

"குழந்தைதான் ஆசைப்பட்டுக் கேட்டுச்சு, டீச்சர்." கேட்கும். கேட்பது அதன் உரிமை, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது எதைக் கேட்டது என்று விசாரித்தீர்களா? ஊரில் ஆட்டோ ஓட்டும் என் மாணவன் ஒருவன் போன வருஷம் போன் பண்ணினான். மகள் யாரோ தோழி பிறந்தநாளுக்குப் போய்ப் பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அடம். "ஒம்பதாயிரம் டீச்சர், ஈஎம்ஐல எடுக்கட்டா?" என்றான். நான் அந்த 1962 அட்டை வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஃபிரிட்ஜ் பெட்டி ஒன்று வாங்கி இருவரும் சேர்ந்து வீடு செய்தார்கள். உடனே அட்டை வீட்டில் குழந்தை சொர்க்கத்தைக் கண்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள் விளையாடினாள், ஐந்தாம் நாள் மறுபடி அந்த வீட்டையே கேட்டாள். அப்போதுதான் அவன் உட்கார்ந்து கேட்டிருக்கிறான், அந்த வீட்டில் உனக்கு எது பிடித்தது என்று. அவள் சொன்னது, "வெளிய நிக்கிற காரு." கார் மட்டும் தனியாக, பேட்டரி இல்லாதது, சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இன்று அது ஆட்டோவின் பின்சீட்டு மேல் திட்டில் நிற்கிறது. பொம்மைக்கு முழங்கால் மடங்காததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. "அப்பா, அவ காலை நீட்டி ரெஸ்ட் எடுக்கா" என்று சொல்லிவிட்டாளாம்.

"எங்ககிட்ட பணம் இருக்கு, எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைங்களுக்குக் கிடைக்கட்டும்." இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும், எனக்குத் தெரியும். உங்களில் எத்தனை பேர் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டு வந்தீர்கள் என்று பார்த்தவள் நான். ஆனால் அந்தக் கடையில் நிற்கிறவன் யார் என்று யோசியுங்கள். அந்தப் பழைய பையன்தான் நிற்கிறான். அவன் தனக்கு வாங்கிக்கொள்ளட்டும், தப்பே இல்லை. தனக்கு வாங்கியதைக் குழந்தை தலையில் கட்டிவிட்டு, "இதோட விளையாடு" என்று மிரட்டக் கூடாது.

"அங்கே வாங்கினால் மலிவு." இது உண்மை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை நம் அரசு 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023இல் 70 ஆக்கியது. அதனால்தான் சூட்கேஸ்கள் வீங்குகின்றன. மலிவு என்பது வாங்குவதற்கு ஒரு காரணமாகலாம், இடுப்பு உயரத்துக்கு வாங்குவதற்கு ஆகாது.

அப்படியானால் என்னதான் வாங்குவது? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற டீச்சர் நான் இல்லை. கடையில் நின்று நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, குழந்தை இதைத் தானே தூக்கிக்கொண்டு நடக்குமா? முதல் பொம்மை வீட்டுக்குக் கைப்பிடி இருந்தது என்று சொன்னேனே, அதற்குத்தான். தூக்க முடிந்தால்தான் அது குழந்தையுடையது. தூக்க முடியாதது நம் வீட்டு ஃபர்னிச்சர்.

இரண்டு, ஒரு சாமான் தொலைந்தால் மிச்சம் விளையாட்டுக்கு ஆகுமா? ஒரு கொக்கி போனால் மொத்தமும் போகும் என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்று, தண்ணீரும் மஞ்சளும் மண்ணும் பட்டால் கழுவலாமா?

நான்கு, இது உடைந்தால் எனக்குக் கோபம் வருமா? வரும் என்றால் அந்த விலை உங்களுக்கு அதிகம். கோடீஸ்வரராக இருந்தாலும் அதிகம்தான்.

இந்த நாலுக்கும் தேறுகிறவை நிறைய இருக்கின்றன. பேட்டரி இல்லாத கெட்டியான கார் ஒன்று பார்த்திருக்கிறேன். என் மாணவி வீட்டில் மூன்று பிள்ளைகளைத் தாண்டி இப்போது நாத்தனார் வீட்டில் ஓடுகிறது. நம் அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் தேறும். அதையும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினால் தேறாது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குக் கீழே ஆகாது என்ற குறி பெட்டியில் இருந்தால், வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதைத் தேடுங்கள். பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே பெரிய வீடு வந்து உட்கார்ந்திருந்தால்? அதன் விலையை இனி ஒருபோதும் குழந்தை காதில் போடாதீர்கள். "யார் வாங்கிக் குடுத்தா சொல்லு" என்று வருகிறவர்கள் முன்னால் ஒப்பிக்க வைக்காதீர்கள். அது ஆஸ்பத்திரி ஆகட்டும், மாட்டுத் தொழுவம் ஆகட்டும், வெண்டைக்காய் படுத்துக்கொள்ளட்டும்.

என் பேத்தி வீட்டுப் பொம்மை வீடு இரண்டு வருஷம் மூலையில் நின்று, பிறகு பரணுக்குப் போய், கடைசியில் 1,500 ரூபாய்க்குக் கைமாறியது. வாங்க வந்தவர், "புதுசு மாதிரியே இருக்கே" என்று பாராட்டினார். குளத்துக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கறை. அதைச் சொல்லி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். அந்தக் கறை இருந்த இடத்தில் மட்டும்தான் அந்த வீட்டில் விளையாட்டு நடந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேத்திக்கு இப்போது 11 வயது. இந்தப் பதிவைப் போடும் முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டி அனுமதி வாங்கினேன். "ஆச்சி, அது கைக்குட்டை இல்ல, உங்க பழைய ஜாக்கெட் துணி" என்று ஒரு திருத்தம் சொன்னாள். மற்றபடி சரியாம்.

கடைசியாக அண்ணன் மகனுக்கு: ராசா, நீ மே மாதம் வா. அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடு. உன் தங்கச்சி வீட்டு ஹால் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கார் ஒன்று மட்டும் எடுத்து வா. வந்ததும் தரையில் உட்கார்ந்து, அவள் எங்கே ஓட்டச் சொல்கிறாளோ அங்கே ஓட்டு. அந்தப் படத்தைக் குழுவில் போடு. முதல் ஹார்ட் அத்தையுடையது.

என் கணக்கில் தப்பு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
பாளையங்கோட்டை